கோடரியா, கழுகா

ஏற்றத்தின் நட்டநடுவில் வெர்லின் வேண்டுமென்றே பிக்கப் வண்டியை நிறுத்தினார்.

பின்னால் டிரெய்லரில் பழைய டிராக்டர் ஒன்று கனத்துக்கொண்டிருந்தது. வாங்க வருகிறவர்கள் இழுத்துப் பார்ப்பதற்காகவே கடைக்காரர் வைத்திருப்பது அது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பனையாளன் வாயை மூடவில்லை. இந்த டீசல் எஞ்சின் ஒரு தேவாலயத்தையே அஸ்திவாரத்தோடு பெயர்த்து இழுத்துவிடும் என்றான்.

இழுத்துப் போவதற்கு வெர்லினிடம் தேவாலயம் எதுவும் இல்லை. கன்றுகள்தான் இருந்தன. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அவை போயாக வேண்டும். தவறவிட்டால் குளிர்காலம் முழுக்க அவற்றுக்குத் தீனி போட்டே அவர் மாள வேண்டியதுதான்.

காலை அழுத்தினார். வண்டி பின்னுக்கு நழுவாமல் ஒரே உறுமலில் ஏறியது.

ஏறுவது பெரிதில்லை. அதை எல்லா வண்டியும் வீம்புக்காவது செய்துவிடும். இறங்கும்போதுதான் சுமை முதுகில் ஏறி மிதிக்கும். இந்த வண்டி மிதிக்க விடவில்லை. அவர் பிரேக்கைத் தொடாமலே எஞ்சின் மொத்தப் பாரத்தையும் பிடித்துப் பிடித்து இறக்கியது. சூடு காட்டும் முள் தூங்கிக்கொண்டிருந்தது.

வெர்லினுக்கு மனசு நிறைந்துவிட்டது. அதுதான் சங்கடம்.

ஸ்டியரிங் நடுவில் கழுகு முத்திரை இருந்தது.

வெர்லின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கோடரி முத்திரை வண்டிதான் ஓட்டும். அவர் அப்பாவின் கல்லறைக் கல்லில், பைபிள் வசனத்துக்கு மேலே, கோடரி வண்டி ஒன்று செதுக்கியிருக்கும். கழுகு, சகலை ராய்ஸின் கட்சி. ராய்ஸ், வெர்லினின் மனைவி லார்னாவுடைய தங்கை ட்வைலாவைக் கட்டியவர். எது வண்டி, எது தகரடப்பா என்று இருவரும் ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் செய்யும் பிரசங்கம், உள்ளே நடந்ததைவிட நீளமாக இருக்கும்.

போன மாதம் கன்றுகளோடு மேட்டில் ஏறும்போது வெர்லினின் கோடரி உயிரை விட்டது. ராய்ஸ் வந்தார். சங்கிலி போட்டு வண்டி, டிரெய்லர், கன்றுகள் என்று அத்தனையையும் தன் கழுகால் இழுத்தார். கப்பிச் சாலை வழியாகப் போய்விடலாம் என்று வெர்லின் கெஞ்சியது அவர் காதில் விழவில்லை. கடைத்தெரு வழியாக, பிண ஊர்வல வேகத்தில் போனார். காபிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையோடு வெளியே வந்து பார்த்தார்கள்.

அதனால்தான் இப்போது மான்டானா எல்லையைத் தாண்டி, டகோட்டாவில் யாரும் அறியாத ஒரு கடை. லார்னா சொன்ன இடம். "அங்க போய்ப் பாரு. நம்மாளுங்க கண்ணுல பட மாட்டே" என்றாள். வழிக்கு ஒரு டப்பாவில் கேக்கும் கொடுத்தாள். திறந்து பார்த்தால் உலர்திராட்சை. கல்யாணமான நாள்முதல் திராட்சையைப் பொறுக்கி ஓரம் வைக்கிற புருஷனுக்குத் திராட்சைக் கேக். வயசாகிறது, பாவம், மறந்துவிட்டாள் என்று மூடி வைத்துவிட்டார்.

கடை வளாகத்துக்குள் வண்டி திரும்பியது. வெர்லின் சாவியோடு இறங்கினார். கோடரி முத்திரை போட்ட தொப்பியை எல்லைக்கு முன்பே கழற்றி, தான் ஓட்டிவந்த லார்னாவின் காரில் சீட்டுக்கு அடியில் ஒளித்திருந்தார்.

எதிர்வரிசையில் ஒரு கோடரி வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் வெளியே நீண்டிருந்தன. பிறகு உடம்பு வந்தது. கடைசியாகத் தொப்பி இல்லாத தலை. முகமெல்லாம் வெயிலில் கறுத்து, நெற்றி மட்டும் முட்டை ஓடு மாதிரி வெளுத்திருந்தது. தொப்பியைக் கழற்றும் தேவாலயத்துக்குள்ளும் சாவு வீட்டிலும் மட்டுமே காணக் கிடைக்கும் அந்த நெற்றி ராய்ஸுடையது.

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சகலை, வழி தவறிட்டியா?" என்றார் வெர்லின்.

"சும்மா பாக்கலாம்னு ட்வைலா கார்ல வந்தேன்."

"சும்மா பாக்கறவன் கீழ படுத்தா பாப்பான்?"

ராய்ஸ் முழங்காலைத் தட்டிக்கொண்டார். "அன்னிக்கு உன்ன இழுத்தேன்ல? அதோட என் கியர்பாக்ஸ் போச்சு. எந்த வாயால சொல்றது?"

"ஞாயித்துக்கிழமை வண்டில வந்தியே?"

"வீட்டுலேருந்து சர்ச்சுக்கு இறக்கம்தானே. உருட்டிக்கிட்டு வந்தேன். சாயங்காலம் டிராக்டர் கட்டி மேல ஏத்திக்குவேன்."

வெர்லினுக்கு அத்தனை ஆனந்தமான செய்தி அந்த வருஷத்தில் வேறு வந்திருக்கவில்லை. சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் ராய்ஸின் கண் அவர் கையிலிருந்த சாவிக்குப் போயிருந்தது. வளையத்தில் கழுகு, குழந்தையின் உள்ளங்கை அளவுக்குச் சிறகை விரித்துத் தொங்கியது.

திறந்த வாயை வெர்லின் மெல்ல மூடிக்கொண்டார்.

"இழுக்குதா?" என்றார் ராய்ஸ்.

"இறங்கும்போது பாரு, தொட்டில்ல போட்ட மாதிரி இருக்கு. அது?"

"கீழ எல்லாம் இரும்பு, சகலை. உங்கப்பா சரியாத்தான் சொல்லியிருக்காரு."

வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு இரண்டு பேருமே முத்திரை மாற்றிப் போவார்கள் என்று தெரிந்துவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதுதான் பாக்கி. அதை வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

கழுகு வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தார்கள். வெர்லின் கேக் டப்பாவை நீட்டினார். ராய்ஸ் திராட்சையாகப் பார்த்துப் பொறுக்கி முதலில் தின்றார். அப்புறம் தான் கொண்டுவந்த காபி பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார்.

"சர்க்கரையே போடல. இத்தன வருஷத்துல ட்வைலா ஒரு நாளும் மறந்ததில்ல. இந்தக் கடைய மட்டும் மறக்காம சொல்லி அனுப்பினா."

வெர்லின் பிளாஸ்க்கை வாங்கிக் குடித்துப் பார்த்தார்.

காபி, அவர் எப்போதும் குடிக்கிற மாதிரியே இருந்தது.