கதவு சாத்தும் முறை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மூன்றாம் மாடி வீட்டின் வாசல் கதவைச் சாத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது.

அறிவித்தவர் வீட்டுக்காரர். அரசாணை வாசிப்பவரைப் போலக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

கைப்பிடியைக் கீழே அழுத்த வேண்டும். அழுத்தியபடியே கதவை நிலையோடு சேர்க்க வேண்டும். பிறகு கைப்பிடியை மெல்ல விட வேண்டும். சத்தம் வரக்கூடாது. பூட்டுக்கு நோகாமல் இரண்டு தடவை செய்து காட்டினார்.

"எங்க, நீங்க ஒரு தடவை சாத்துங்க சார்."

வீடு பார்க்க வந்தவர் பஸ் டிப்போ தொழிற்சங்கச் செயலாளர். பதினெட்டு வருடமாக மேடை ஏறுபவர். அவர் மைக்கைத் தட்டினாலே டிப்போ மேலாளர் தண்ணீர் கேட்பார். தொழிலாளர்கள் வைத்த பெயர் இடி.

இடி கதவைச் சாத்தினார். டக்கென்றது.

வீட்டுக்காரர் பல்வலிக்காரரைப் போல முகத்தைச் சுளித்தார். "இன்னொரு தடவை."

இடியின் காது மடல் சிவந்தது. வாடகைக்கு வருகிறவன் என்ன கொத்தடிமையா என்ற முதல் வாக்கியம் நுனிநாக்குவரை வந்து நின்றது. பின்னால் இன்னும் நாற்பது வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன.

மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள்.

இது பதினேழாவது வீடு. பேசிய பேச்சுக்குக் கிடைத்த மாற்றலில் இந்த நகரத்துக்கு வந்து நான்கு மாதம். அன்றிலிருந்து மச்சினர் வீட்டு ஹாலில்தான் குடித்தனம். மச்சினர் மனைவி இப்போதெல்லாம் இவர்களிடம் பேசுவதில்லை; இவர்கள் காதுபடப் பாத்திரங்களிடம் பேசுகிறாள். மகள் குளியலறை வாசலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

இரண்டாவது தடவை கதவு லேசாக முனகியது.

"கைப்பிடியைச் சீக்கிரம் விட்டுட்டீங்க," என்றார் வீட்டுக்காரர். "முன்னாடி இருந்தவங்களும் அவசரக்காரங்கதான். ஆறே மாசத்துல அனுப்பிட்டேன்."

இடி வாயைத் திறந்தார்.

"மேடைப் பேச்சை மேடையில வெச்சுக்கலாம்," என்றாள் மனைவி காதோடு. "இப்ப கதவைச் சாத்துங்க."

பதினெட்டு வருடத்துக் கோஷங்களைப் பல்லுக்கிடையில் அரைத்தபடி அவர் கைப்பிடியை அழுத்தினார். தூங்கிவிட்ட பிள்ளையைப் படுக்கையில் கிடத்துவதுபோலக் கதவை நிலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒவ்வொரு விரலாக விட்டார்.

சத்தமே இல்லை.

"பாஸ்," என்றார் வீட்டுக்காரர். சாவி கை மாறியது.

படியிறங்கும்போது மனைவி மூன்று படி தள்ளியே வந்தாள். இருபது வருடக் குடித்தன அனுபவம். இரண்டாம் மாடி திரும்பியதும் வெடித்தது. ஆணவம், திமிர், மனித மரியாதை, வீட்டுக்காரரின் பரம்பரை எல்லாம் அவரோடு சேர்ந்து படியிறங்கின.

"நாலு சுவர் சொந்தமா இருந்தா மனுஷன் இப்படியா ஆயிடுவான்?" என்று தரைத்தளத்தில் கேட்டார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் மூச்சு ஆறியது. கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்போனை எடுத்தார்.

பழைய ஊரில் தன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் டீச்சரை அழைத்து, அடுத்த மாதம் நேரில் வருவதாகவும், அப்போது டீச்சர் கதவைச் சாத்திக் காட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.