மூன்று மீட்டரும் சரியில்லை

“இதுவும் சரியில்ல சார். வேண்டாம், விட்டுடுங்க.”

பின்னறையிலிருந்து கொழுந்தனின் குரல் கேட்டதும், பில் கவுண்டரில் இருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இது மூன்றாவது சைக்கிள் மீட்டர். விற்க நிற்கிறவனே சரியில்லை, சரியில்லை என்றால் வாங்க வந்தவர் என்னதான் செய்வார்?

அதுவும் வந்திருப்பது சைக்கிள் கிளப் செயலாளர். அவருக்கு ஒன்று பிடித்துப்போனால் கிளப்பில் இருபது பேருக்கும் அதே மீட்டர்தான். மூன்று மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற கடைக்கு வலிய வந்த ஆர்டர்.

“கொஞ்சம் இங்க வா” என்று கூப்பிட்டாள்.

டயர் அடுக்கைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான்.

“என்னப்பா பண்ற நீ?”

“ஹார்ட் ரேட் தப்பா காட்டுது அண்ணி.”

“மூணும் மூணு கம்பெனி. மூணுமா தப்பா காட்டும்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது?”

“இன்னிக்கு இல்ல.”

“பேச்சைப் பாரு! எப்பவும் பண்றதைப் பண்ணு. நெஞ்சுப் பட்டையை மாட்டு, ஸ்டாண்டு சைக்கிள்ல ஏத்து, மூச்சு வாங்க மிதிக்க விடு. நம்பர் நூத்தம்பதைத் தாண்டினதும் இங்க கூட்டிட்டு வா. பில்லை நான் போட்டுக்கறேன்.”

அதுதான் அந்தக் கடையின் வியாபார ரகசியம். நெஞ்சுப் பட்டை எண்ணி அனுப்புகிற இதயத் துடிப்பு மீட்டரில் மேலே ஓடும். கீழே கேடன்ஸ், அதாவது நிமிஷத்துக்குப் பெடல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. இரண்டு நம்பரும் ஏற ஏற, மிதிக்கிறவர் முகத்தில் பரிசுக் கோப்பை வாங்கின களை வந்துவிடும். அப்புறம் அவர் விலையைக்கூடக் கேட்க மாட்டார்.

“சரியா?”

அவன் மறுபடியும் பின்னறைக்குப் போனான்.

போன் அடித்தது. மொத்த வியாபாரி. “இருபது செட் கேட்டீங்களே, அனுப்பவா, வேண்டாமா?”

“அரை மணி பொறுங்க” என்று கெஞ்சிக்கொண்டே டயர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாடா, மிதிக்கவாவது வைத்திருக்கிறான்.

கொழுந்தனைப் பார்த்தாள். சட்டையை மேலே தூக்கி, செயலாளருக்கு மாட்டவேண்டிய பட்டையைத் தன் நெஞ்சில் மாட்டிக்கொண்டு நின்றான். கஸ்டமர் முன்னால்!

போனை வைத்துவிட்டு எழுந்திருப்பதற்குள் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

“என்னம்மா, கடையில இருக்கிறது பூரா ரிப்பேராமே?” என்று சிரித்தார் செயலாளர். “உங்க தம்பி ரொம்ப நேர்மையான ஆளு.”

“அப்படியெல்லாம் இல்ல சார், அவனுக்கு மீட்டர் பத்தி ஒண்ணும்...”

“அண்ணி, எனக்குத் தெரிஞ்ச இடத்துல சரியா காட்டுற மெஷின் இருக்கு” என்று குறுக்கே வந்தான் அவன். “சாரைக் கூட்டிட்டுப் போறேன். டாக்ஸி வரச் சொல்லிட்டேன்.”

“ரெண்டு தெருதான்னு சொன்னீங்களே தம்பி? நடந்தே போயிடலாமே.”

“நீங்க நடக்கக் கூடாது சார்.”

“மாப்பிள்ளை மரியாதைதான் போ!” என்று டாக்ஸியில் ஏறினார் செயலாளர். மூன்றாவது மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு கொழுந்தன் பின்னாலேயே ஏறினான்.

தெரிஞ்ச இடமாம்! எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாதா? இங்கே வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் வேலை பார்த்தானே, அந்தப் பாலத்தடி சைக்கிள் கடை. வந்த ஆளையும் தூக்கிக்கொண்டு, கடைச் சரக்கையும் தூக்கிக்கொண்டு போகிறான்.

புருஷனுக்குப் போன் போட்டாள். “உங்க தம்பி என்ன காரியம் பண்ணிட்டுப் போறான் தெரியுமா?”

முழுக்கக் கேட்டுவிட்டு, “வரட்டும், கேக்கறேன்” என்றான் அவன்.

“நீங்க கேட்டு கிழிச்சீங்க!” என்று போனை வைத்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து கொழுந்தன் தனியாக வந்தான். நேரே போய்த் தண்ணீர் குடித்தான்.

“வாங்க சார், வாங்க. இருபதும் அங்கேயே ஆர்டர் ஆயிடுச்சா? உங்க பழைய முதலாளி கமிஷன் எவ்வளவு கொடுத்தாரு?”

“எந்தக் கடைக்கும் போகல அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போனோம்.”

“என்னது, ஆஸ்பத்திரிக்கா?”

“நெஞ்சுல ஒயர் வெச்சுப் பாக்குற மெஷின்ல பாத்தாங்க. டாக்டர் உடனே படுக்க வெச்சிட்டாரு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பெரிய ஆபத்தாயிருக்கும்னாரு. அவரோட வீட்டம்மா வந்தப்புறம்தான் கிளம்பினேன்.”

“அப்ப நம்ம மீட்டரு?”

“மூணும் நல்லாத்தான் இருக்கு. மூணும் அவருக்கு நூத்தறுபதுக்கு மேல காட்டிச்சு. அதே பட்டையை நான் மாட்டினா எழுபத்தெட்டு. ‘கோளாறு உங்க நெஞ்சுல’ன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னா பயத்துலயே இன்னும் இருபது ஏறியிருக்கும். அதான் மீட்டர் மேல பழியைப் போட்டேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயோ... நான்தானே மூச்சு வாங்க மிதிக்க விடுன்னு சொன்னேன்? ஆளுக்கு ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா?”

அவன் பையிலிருந்து மீட்டரை எடுத்து அவள் முன்னால் வைத்தான். செயலாளரின் கணக்கு அதில் அப்படியே பதிவாகி இருந்தது. மேலே நூற்று அறுபத்து மூன்று. கீழே, பெடல் கணக்கில், வெறும் பூஜ்யம்.

“சொன்னீங்கதான். நான் அவரைச் சைக்கிள்ல ஏத்தவே இல்ல அண்ணி.”