ஷெவர்லேயின் பின் அச்சு

காருக்கு அடியில் படுத்திருந்தவள் செருப்பைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

சம்பத். விவாகரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

வாசலில் ஒரு டெம்போ. அதில், சாக்கு பாதி போர்த்தி, இதே ஷெவர்லேயின் அசல் பின் அச்சும் ஸ்பிரிங் பட்டைகளும்.

கார் அவளுக்கு என்று கோர்ட் சொன்னதும் அவற்றைக் கழற்றிக்கொண்டு போனவன் அவன். அவனிடம் வேறு ஷெவர்லே கிடையாது. வைக்கோல்போரில் படுத்த நாய்க்கு வைக்கோல் எதற்கு?

"முன்னாடிய மட்டும் வெச்சு உருட்டிக்க" என்று அன்று சிரித்தான்.

அதன்பின் அவள் சேர்த்ததெல்லாம் வேற்று இரும்பு. அம்பாசடர் அச்சு. ஜீப் பட்டை.

ஒன்றுக்கொன்று ஒட்டாது. அச்சில் பட்டை உட்காரும் தட்டு உள்ளே தள்ளி இருந்தது. பட்டையோ ஒரு சாண் கூடுதல் நீளம்.

தட்டுகளை அறுத்து வெளியே நகர்த்திப் தற்காலிகமாகப் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்தாள். பின்னால் மணல் மூட்டை அடுக்கினாள். பாரத்தில் பட்டை அமுங்கி நின்ற பிறகுதான் முழு வெல்டிங். முந்தினால், என்ஜின் தண்டு வந்து சேரும் அச்சின் மூக்கு கோணிக்கொள்ளும்.

ஆனால் அமுங்கும்போது பட்டை இடித்தது.

அடிச்சட்டத்தில் அசல் பட்டைகளைத் தாங்கிய பழைய பிராக்கெட்டுகள் நான்கையும் அவள் விட்டு வைத்திருந்தாள். அசல் என்றாவது திரும்பி வந்தால் மாட்ட வேண்டுமே என்ற நப்பாசை. அவற்றில்தான் இடித்தது.

சம்பத் குனிந்தான்.

"அசலையே கொண்டாந்துட்டேன் புள்ள. ஒரு பார்ட்டி முழு வண்டியாக் கேக்கறான். மாட்டிச் சேந்தே வித்துரலாம். இந்தக் கதம்பத்த எவன் தொடுவான்?"

அசல். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் பக்தி வரும். சேர்ந்திருந்த காலத்தில் பட்டறையில் அவள் வைத்த வெல்டிங்கையெல்லாம் ஒட்டுவேலை என்று சொல்லிக்கொண்டே தன் பெயரில் விற்றவன்.

பிராக்கெட்டுகளை அறுத்தால் இந்தக் காருக்கு இனி அசல் கிடையாது. அசலை மட்டுமே சேர்க்கும் பழைய கார் ஊர்வலத்தில் அவளுக்கும் இடம் கிடையாது.

அவன் அச்சுக்கோ, உலகத்தில் வேறு கார் கிடையாது.

இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தாள்.

முதல் பொறியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஏய், அறுத்தராத! போனா வராது!" மண்டி போட்டுக் கத்தினான். மண்டி போட்டால் நன்றாகவே தெரியும். தெரியட்டும் என்று நிதானமாக அறுத்தாள்.

நான்கும் விழுந்தன.

பாவம் என்று தோன்றுமோ எனக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். தோன்றவில்லை. நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது.

வெளியே வந்து இன்னொரு மூட்டையைத் தூக்கிப் போட்டாள். பட்டை அமுங்கியது. இடிக்கவில்லை.

டெம்போக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்.

"ஏனுங்ணா, இத எங்கீங் எறக்கறது?"

சம்பத் மண்டியிட்டபடியே அறுந்து விழுந்த பிராக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அவள்தான் சொன்னாள். "தெரு முக்குல பழைய இரும்புக் கடை இருக்குதுங்ணா. இன்னும் பூட்டியிருக்க மாட்டாங்க."