நீதிபதி மச்சாளின் தேர்தல்

"தேர்தலுக்கு ரெண்டு கிழமைதான் கிடக்கு. உன்ர தங்கச்சி இஞ்சை வந்து கறிக்கு இறால் உடைச்சுக்கொண்டிருக்கிறா" என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார் கிறிஸ்துநாயகம்.

"மெல்லமாச் சொல்லுங்கோ" என்றார் கிளடிஸ்.

"ஏன் மெல்லமா? மச்சாளுக்குக் கேக்கட்டும் எண்டுதான் சொல்லுறன்."

"கேட்டுது அத்தான்" என்று குசினிக்குள் இருந்து சிரித்தார் அருள்மலர்.

அருள்மலர் அமெரிக்காவில் நீதிபதி. கனடாவில், ஸ்காபரோவில் வளர்ந்து, கலியாணம் கட்டி எல்லை தாண்டிப் போனவர். கீழ் நீதிமன்றத்தில் கனகாலம் இருந்தவரை, போன வருடம்தான் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் காலியான ஓர் இடத்துக்கு ஆளுநர் நியமித்திருந்தார். அந்த மாநிலத்தில் நீதிபதிகளும் சனத்திடம் வாக்குக் கேட்கவேண்டும். இந்த நவம்பரில் வென்றால்தான் கதிரை நிலைக்கும். எதிர்த்து நிற்பவர் எட்வேட் என்ற வழக்கறிஞர்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊர் ஊராகக் கூட்டம், தேவாலய மண்டபங்களில் கைகுலுக்கல். திடீரென்று ஒரு நாள் சூட்கேசும் கையுமாக வெக்ஸ்போர்ட்டில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏன் என்று கேட்டால், "சும்மா வந்தனான். வாக்கைத் தபாலிலை போட்டிட்டன்" என்றார்.

கிறிஸ்துநாயகத்தால் அதைத் தாங்கமுடியவில்லை. 'என்ர மச்சாள் மேன்முறையீட்டு நீதிபதி' என்று அவர் சொல்லாத ஆள் ரொறொன்ரோவில் இல்லை. அந்த மாநிலத்தில் சொந்தக்காரர் உள்ளவர்களாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்திருந்தார்.

"ஒவ்வொருத்தரும் தங்கட சொந்தத்துக்குப் போன் எடுத்தால் காணும், மச்சாள். நீர் வந்து ரெண்டு வார்த்தை கதையும்."

"வேண்டாம் அத்தான். வரவேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ."

"சாப்பாட்டுக்கும் சொல்லியாச்சு."

"அப்ப சாப்பிட வரட்டும். தேர்தல் கதை மட்டும் வேண்டாம்."

வந்தார்கள். கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். அருள்மலர் எல்லோரிடமும் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார், பனி இன்னும் விழவில்லையே என்றார், பகிடி விட்டார். தேர்தலைப் பற்றி வாயே திறக்கவில்லை. யூனியன்வில்லில் இருந்து வந்த ஒருவர் போகும்போது, "இவவுக்கு வெல்ல விருப்பம் இல்லையோ?" என்று கிறிஸ்துநாயகத்தின் காதைக் கடித்துவிட்டுப் போனார்.

"தலைக்கனம்" என்றார் கிறிஸ்துநாயகம், கதவைச் சாத்திவிட்டு. "கதிரை தானா நடந்து வரும் எண்ட நினைப்பு."

அருள்மலரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு முறை கிளடிஸின் மகள் செரீனாதான் எடுத்தாள்.

"சித்தி, ஏஞ்சலா அகெய்ன். உங்கட கம்பெயின் மனேஜர். அழுதிடுவா போல இருக்கு."

"ரீ ஒண்டு போட்டுக் குடிக்கச் சொல்லு. பிறகு எடுக்கிறன்."

"சித்தி, உங்களுக்கு ரியலி இந்த வேலை வேணுமா?"

அருள்மலரின் சிரிப்பு கொஞ்சம் நின்றது.

"ஓம் பிள்ளை. இந்த வேலையைப் போல நான் வேற எதுக்கும் ஆசைப்பட்டதில்லை."

செவ்வாய்க்கிழமை வாக்களிப்பு நடந்தது. புதன் காலை மடிக்கணினியில் முடிவைப் பார்த்த செரீனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். மிகச் சொற்ப வித்தியாசத்தில் எட்வேட் வென்றிருந்தார்.

ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த அருள்மலர் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். கண் கலங்கியது. பிறகு மாவைத் திருப்பிப் போட்டுக் குழைத்தார்.

"ஒரு கூட்டம், ஒரே ஒரு கூட்டம் போட்டிருந்தாலும் வெண்டிருப்பீர்" என்றார் கிறிஸ்துநாயகம்.

"ஓம் அத்தான். வெண்டிருக்கலாம்."

போன் அடித்தது. செரீனா எட்டிப் பார்த்தாள்.

"சித்தி, இது எட்வேட்."

"வெண்டவர் நக்கலடிக்க எடுக்கிறார். எடாதையும்" என்றார் கிறிஸ்துநாயகம்.

"கையெல்லாம் மா. ஸ்பீக்கரிலை போடு பிள்ளை."

எட்வேட் ஆங்கிலத்தில் பேசினார். களைத்த குரல், ஆனால் அதில் அப்படி ஒரு சந்தோசம்.

"அருள்மலர், மகளை இன்றைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள். இனிப் பயமில்லையாம்."

"மூச்செடுக்கிறது சரியாகிவிட்டதா?"

"தானாகவே எடுக்கிறாள். குறைமாதத்தில் பிறந்தவள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படி அழுகிறாள்."

அருள்மலர் வாய்விட்டுச் சிரித்தார். சற்று முன் கலங்கிய கண் அது என்று தெரியவில்லை.

எட்வேட் தொடர்ந்தார். "அவள் பிறந்த நாளிலிருந்து நான் ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை. ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே நீங்களும் எல்லாக் கூட்டங்களையும் நிறுத்திவிட்டு மாநிலத்தை விட்டே போய்விட்டீர்களாம். நேற்றுத்தான் ஏஞ்சலா மனம் பொறுக்காமல் என்னிடம் சொன்னாள். நீங்கள் ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?"

"சொன்னால் அதுவும் பிரசாரம்தானே?"

கிறிஸ்துநாயகம் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கிளடிஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுமுனையில் எட்வேட் சிரிப்பது கேட்டது.

"ஏஞ்சலா சொன்னபோது வாக்குச்சாவடி மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஓடிப்போய் உங்களுக்குத்தான் போட்டேன்."