பேனா இல்லாத அறையிலிருந்து

ஓவியக்காரியை அவள் அண்ணன் மனநல மருத்துவமனையில் சேர்த்து ஐந்து மாதமாயிற்று. அவள் சிநேகிதியான தையற்காரிக்குச் செவ்வாய் தவறாமல் கடிதம் வந்தது. நீல மையில், வலப்பக்கம் சரிந்து இறங்கும் அதே கையெழுத்து.

ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்தார்.

"நீங்க போட்ட பதிலையெல்லாம் ஆஸ்பத்திரியில என்கிட்ட குடுத்தாங்கம்மா. எதுக்குப் பதில்? பேனா, பேப்பர், வர்ணம் எல்லாத்தையும் அவகிட்டேருந்து பிடுங்கி வெச்சு மூணு மாசமாச்சே."

தையற்காரி இழுப்பறையைத் திறந்து அந்த மூன்று மாதத்துக் கடிதங்களை எடுத்து வைத்தாள். பதின்மூன்று இருந்தன.

அண்ணன் முகம் வெளிறியது. "யாரோ விளையாடுறாங்க. எரிச்சிடுங்க."

மறுநாள் அவள் மருத்துவமனைக்குப் போனாள். அவள் பையிலிருந்த துணியில் கோடு போடும் சாக்பீஸ் துண்டைக்கூட வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஓவியக்காரியின் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. வேறொன்றுமில்லை.

"நீதான் எழுதுறியாடி?"

"உனக்கு வந்து சேருதா?"

"சேருது."

"அப்ப எழுதுவேன். எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்."

திரும்பி வந்ததும் தையற்காரி பதின்மூன்றையும் கடைக் கண்ணாடியின் உள்பக்கம் தெருவைப் பார்த்து ஒட்டினாள். போனவர் வந்தவரெல்லாம் நின்று படித்தார்கள். சாயங்காலம் அண்ணன் ஓடி வந்தார்.

"குடும்ப மானம் போகுது, கழட்டும்மா!"

"அவளை அடைச்சு வெச்சப்ப போகாத மானமா? கழட்ட மாட்டேன்."

கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள்.

அவர் கைக்குட்டையை எடுத்து வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்தித் தேய்த்தார். உள்ளே ஓர் எழுத்தும் கலையவில்லை. கைக்குட்டைதான் நீலமாக நனைந்துகொண்டே வந்தது.