அடியில் ஒரு விரல் பட்டை

வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒரே மரத்தை வைத்துத்தான் அண்ணன், தம்பி இரண்டு பேர் குடும்பங்களும் பிழைத்தன. அதன் குச்சிகளை வெட்டிப் பட்டை உரித்து அம்பு செய்வார்கள். வெட்டிய இடம் மறுபடி துளிர்க்கும். அடிமரத்துப் பட்டையில் மட்டும் கத்தி படவிட மாட்டார்கள்; அது போனால் மரமே பட்டுப்போகும்.

அண்ணன் குச்சியைப் பிடிக்க வாகாக அடியில் ஒரு விரல் அகலம் பட்டையை விட்டே உரிப்பான். தம்பி திட்டிக்கொண்டே அதைச் சுரண்டுவான். மழைக்காலத்தில் அண்ணன் இறந்துபோனான்.

அதன்பின், தம்பி முழுக்க உரித்துக் கட்டிவைத்த குச்சிகளில் காலையில் பார்த்தால் அடியில் ஒரு விரல் பட்டை இருந்தது. ஈரமாக, பச்சையாக. சுரண்டினான். மறுநாளும் இருந்தது. ஒரே வேலையை இரண்டிரண்டு தடவை செய்து மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"நீங்களும் உங்க அண்ணன் மாதிரி அரைகுறையா விட ஆரம்பிச்சாச்சா, தம்பி?" என்றாள் அண்ணி.

"நான் விடல, அண்ணி."

அவள் பட்டறையில் அண்ணன் உட்கார்ந்து உரிக்கும் முக்காலியைப் பார்த்தாள்.

அன்று பட்டறையைப் பூட்டும்போது அவன் முக்காலியிடம் சொன்னான்: "என்னால முடியலண்ணே. உரிக்கறதுன்னா முழுசா உரி. ஒரு விரல்கூட விடாதே."

காலையில் கட்டுகள் அடிவரை வெள்ளையாக இருந்தன. அப்பாடா என்று உட்கார்ந்தான்.

"தம்பி, கொஞ்சம் பின்பக்கம் வாங்க," என்றாள் அண்ணி மெதுவாக.

மரம் நுனிக்கிளைவரை வெள்ளையாக நின்றது. உரித்த பட்டைகள், அண்ணன் அடுக்கும் விதத்தில், சுருள் சுருளாகக் கீழே இருந்தன. தம்பி குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்தான்.

அடியில் ஒரு விரல்கூட விடவில்லை.