பஸ் நேரம் சொன்ன நிரல்

ஊர் இணையதளத்தில் பஸ் நேரம் காட்ட மெகருன்னிசா ஒரு குட்டிக் கணினி நிரல் எழுதினாள். அதை இணையம் வழியே தொலைவில் இருந்த மேகக்கணினிக்கு ஏற்றியபோது, புது நிரல்களை ஓட்டிப் பார்த்து உள்ளே விடும் சோதனைக் கதவு தடுத்தது.

"வீட்டுல நான் பிழையில்லாம ஓடினேனே," என்றது நிரல்.

"இங்க கடிகாரமே வேற, கிரீன்விச் நேரம். நம்மூருக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. ஓடிக் காட்டு," என்றது கதவு.

நிரல் ஓடியது. மதியம் பன்னிரண்டு மணி பஸ்ஸைக் காலை ஆறரைக்கு என்று காட்டியது. தலைகுனிந்து திரும்பியது.

நேரத்தை நம்மூர்க் கணக்குக்கு மாற்ற மெகருன்னிசா இரண்டு வரி சேர்த்தாள். நிரல் மறுபடி ஏறிப்போய், "முதல்ல சோதிச்சுப் பாருங்க," என்றது. நேரம் சரியாக இருந்தது. கதவு திறந்தது.

மறுநாள் ஒரு பூக்காரம்மா கைபேசியைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கினார். பன்னிரண்டுக்கு பஸ் வந்து நின்றது.

"அம்மா ஏறிட்டாங்க," என்றது நிரல், நெஞ்சை நிமிர்த்தி.

அன்று வாசலுக்கு வந்த புது நிரலிடம் கதவு சொன்னது: "நேரத்துல சந்தேகம்னா நம்ம பஸ் நிரலைக் கேளு."